ஐயா கேட்ட மன்னிப்பு

பச்சை நிறப் பெட்டி. மூடியின் மேல் ஒரு காடு, காட்டுக்கு நடுவே கோட்டை, கோட்டைக்கு மேலே ‘காட்டரசு’ என்று கொட்டை எழுத்து. அந்த விளையாட்டின் இரண்டாம் பதிப்பு வெளிவந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், மலேசியாவின் ஈப்போ நகரில் தையல்கடைக்கு மேலிருந்த எங்கள் அறையில் அக்காதான் பெட்டியைத் திறந்தார். நாங்கள் புதுப் பகடைகளை உருட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். உள்ளேயிருந்த புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே வந்த அக்கா ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். புத்தகத்தை மூடவில்லை. உள்ளங்கையை அந்தப் பக்கத்தின் மேல் வைத்து, ஒரு முகத்தைப் பிறர் பார்வையிலிருந்து மறைப்பதுபோல் மறைத்துக்கொண்டார்.

இந்த விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாறு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவோம். ஒருவர் கதைக்காரர். அவர் ஒரு காட்டையோ பாழடைந்த கோட்டையையோ வாயாலேயே கட்டி எழுப்புவார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேடம்: வீரன், வைத்தியச்சி, திருடன். ஆற்றைக் கடக்கிறேன் என்று நாம் சொன்னால், கடந்தோமா அடித்துக்கொண்டு போனோமா என்பதைப் பகடை முடிவு செய்யும். வெள்ளைக்காரர்கள் நாட்டில் பிறந்த இந்த வகை விளையாட்டுகள் எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கமும் எட்டிப் பார்த்தன. அவற்றில் ஒன்றை எங்கேயோ பார்த்துவிட்டு, ஈப்போவில் கல்யாணப் பத்திரிகையும் நாட்காட்டியும் அடித்துக்கொண்டிருந்த அச்சக முதலாளி ஒருவர் தமிழில் ஒன்றைத் தயாரித்துப் பெட்டியில் போட்டு விற்றார். எல்லாரும் அவரை ஐயா என்றே அழைத்தோம். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, யாரோடு பேசினாலும் அவர் தோளில் ஒரு கை. அந்தக் கையின் பாரத்தை நினைத்தால் இன்றும் என் தோள் கூசுகிறது.

முதல் பெட்டியின் புத்தகத்தில், முதல் பக்கத்தில் ஐயா ஒரு வரி எழுதியிருந்தார்: ‘இந்தக் காட்டில் நீங்கள் நடும் மரம் உங்களுக்கே சொந்தம்.’ விளையாடுகிறவர்கள் உண்டாக்கும் ஊர்களும் ஆட்களும் கதைகளும் அவரவருக்கே என்று பொருள். எங்களில் பெரும்பாலோர் கித்தா எனும் ரப்பர் தோட்டங்களில் பிறந்தவர்கள். யாரோ ஒருவருடைய மண்ணில் மரம் நட்டு, யாரோ ஒருவருக்காகப் பால் வெட்டி, தோட்டம் துண்டு போடப்பட்டு விற்கப்பட்டதும் தட்டுமுட்டுச் சாமான்களோடு டவுனுக்குப் பிழைக்க வந்த குடும்பங்கள். ஒரு மரத்தைக் காட்டி இது உன்னுடையது என்று எங்களிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. நான் அப்போது இரும்புச் சாமான் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். விளையாட்டுக்காக அல்ல, அந்த ஒரு வரிக்காகவே பெட்டியை வாங்கினேன் என்று சொன்னாலும் பொய்யில்லை. நாங்கள் எழுதி அனுப்பிய கதைகளை ஐயா மாதமொரு தாளாக அச்சிட்டு, அடியில் எங்கள் பெயர்களையும் போட்டார். லகாட்டிலும் கமுந்திங்கிலும் பீடோரிலும் அந்தத் தாளைக் கையோடு கை மாற்றிப் படித்தார்கள்.

எங்கள் அறையின் கதைக்காரர், நாங்கள் எல்லாரும் அக்கா என்று அழைத்தவர். கமுந்திங் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் ஷிப்டு வேலை. ஞாயிறு விடுப்பு கிடைத்தால் பஸ் பிடித்து ஈப்போ வந்துவிடுவார். பேச்சுக்கு நடுவே ஏதோ கேட்பதுபோல் சட்டென்று நிறுத்துவார், அந்த நிறுத்தத்தில் எங்களுக்குக் காட்டின் சத்தம் கேட்கும். பீடோருக்கு அருகே ஒரு தோட்டத்தில் பிறந்தவர். பாலை உறைய வைக்கும் ஆசிட் தெறித்து அவருடைய அம்மாவுக்கு ஒரு கண் போய்விட்டதாம். மிச்சமிருந்த கண்ணோடும் நெற்றியில் கட்டிய விளக்கோடும் தொடர்ந்து பால்மரம் வெட்டினார். தோட்டத்துக்குப் புதிதாய் வந்த யாராவது மர நிரை தவறிக் காட்டுக்குள் போய்விட்டால், தன் வேலையைப் போட்டுவிட்டுக் குரல் கொடுத்துக்கொண்டே தேடிப் போவது அவர்தான். அக்கா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே அந்த அம்மா காய்ச்சலில் இறந்துவிட்டார். வீட்டில் ஒரு புகைப்படம்கூட இல்லை.

அந்த அம்மாவைத்தான் அக்கா எங்கள் விளையாட்டுக்குள் கொண்டுவந்தார். விளக்கம்மா என்று பெயர். வழி தவறிய கூட்டத்தில் யாராவது ஒருவர் வாய் திறந்து உதவி கேட்டால் மட்டும் நெற்றி விளக்கோடு வருவார். ‘எந்த ஊர்ப் பிள்ளைங்கடா நீங்க?’ என்று கேட்பார். ஊரைச் சொன்னால் பாதைக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விடுவார். அவரோடு சண்டை போட விதி கிடையாது. அக்கா அந்தக் கதையை எழுதி அனுப்பினார், ஐயா அச்சிட்டார். அதன்பின் எங்கள் பேராக் மாநிலத்தில் எந்த மேசையில் உட்கார்ந்தாலும் விளக்கம்மா வந்தார். வீரன் வேடத்தில் மார்தட்டிக்கொண்டிருந்த இளைஞர்கள், வேறு வழியில்லாமல் உதவி கேட்கக் கற்றுக்கொண்டார்கள்.

இப்போது அக்காவின் உள்ளங்கைக்கு அடியில் இருந்தது என்ன என்று சொல்கிறேன். அவிழ்ந்த கூந்தல், விலகிய சேலை, தொங்கும் நாக்கு, நெற்றியில் விளக்கு, வெந்துபோன ஒரு கண். ‘ஒற்றைக்கண் பிசாசு’ என்று தலைப்பு. கீழே, கொன்றால் எவ்வளவு பரிசு என்ற விவரம். அதற்கும் கீழே ஒரு குறிப்பு: குருட்டுக் கண்ணில் அடித்தால் அடி இரண்டு மடங்கு. முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தோம். மரத்தைப் பற்றிய வரியைக் காணவில்லை. உள்ளே இருப்பதெல்லாம் ஐயாவின் சொந்தக் கற்பனை, அவர் அனுமதியில்லாமல் யாரும் இதை வைத்துக் கதை எழுதக்கூடாது என்று போட்டிருந்தது.

மறுநாள் அக்கா வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அச்சகத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். ஐயா எங்களை உட்காரவைத்துக் குடிக்க மைலோ வரவழைத்தார்.

“கோவப்படாதம்மா. வியாபாரம் லா இது. வழி காட்டுற பொம்பளைய வச்சு நான் என்ன செய்ய? பயமா இருந்தாத்தான் பசங்க வாங்குவானுங்க.”

“அது எங்கம்மா ஐயா,” என்றார் அக்கா.

“தெரியும்மா. ஆனா அவங்கதான் இப்ப இல்லயே. யாருக்கு வலிக்கப்போவுது?”

இதைச் சொல்லிக்கொண்டே மைலோக் கோப்பையை அக்கா பக்கம் அன்பாய் நகர்த்தினார். அதட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கசந்திருக்காது. அக்கா எழுந்துகொண்டார். கோப்பையை இருவருமே தொடவில்லை.

செய்தி பரவியது. லகாட்டில் எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான், ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். எங்கள் எல்லாரையும்விட அவனுக்கே ஆத்திரம் அதிகம். “எங்க அம்மாவுக்கு செஞ்சா சும்மா இருப்பனா? இந்த ஆளு பொட்டிய இனிமே எவன் தொட்டாலும் கைய உடைப்பேன்,” என்று அச்சக வாசலில் நின்று கத்தினான். ஒவ்வோர் ஊரிலிருந்தும் ஆட்கள் பெட்டிகளைக் கொண்டுவந்து அங்கேயே போட்டுவிட்டுப் போனார்கள். பச்சைப் பெட்டிகள் வாசலில் குவிந்து, மழையில் நனைந்து உப்பின. மாதத் தாளுக்கு ஒருவரும் கதை அனுப்பவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் ஒன்றுசேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை முதலாளிக்குக் காட்டிவிட்டோம் என்று எனக்கு அப்படியொரு பெருமை.

பிறகு ஐயா ஒரு மண்டபத்தில் கூட்டம் போட்டார். வடையும் தேத்தண்ணியும் ஏற்பாடாகியிருந்தன. மேடையில் நின்று, “நான் செஞ்சது தப்பு. உங்க நம்பிக்கதான் எனக்குச் சோறு. அத நானே மண்ணுல கொட்டிட்டேன்,” என்று சொல்லி அழுதார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி அழுதார். மரத்தைப் பற்றிய வரியை அடுத்த பதிப்பில் திரும்பப் போடுவதாகச் சொன்னார். அக்காவை மேடைக்கு அழைத்து, அவருடைய பெயரையும் போடுவேன் என்றார்.

அக்கா ஒலிவாங்கி முன்னால் வந்து நின்றார். “எம் பேரு வேணாங்கய்யா. எங்கம்மாவ அதுலேருந்து எடுத்துருங்க. அது போதும்.”

“எடுத்துர்றேன்மா,” என்றார் ஐயா. “எங்க அம்மா மேல சத்தியம்.”

மண்டபமே கைதட்டியது. லகாட் மச்சான் ஓடிப்போய் ஐயாவைக் கட்டிக்கொண்டு அழுதான். நானும் கைதட்டினேன். அக்கா மட்டும் மேடையிலிருந்து இறங்கி, கூட்டத்துக்கு நடுவே எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “பஸ்ஸுக்கு நேரமாச்சு தம்பி, போலாமா?” என்றார்.

மூன்றாம் பதிப்பு வந்தது. மரத்தைப் பற்றிய வரி பழைய இடத்திலேயே இருந்தது, பூ வேலைப்பாடெல்லாம் சுற்றி. நடுவில் அதே பக்கம், அதே நாக்கு, அதே கண், குருட்டுக் கண்ணில் அடித்தால் இரண்டு மடங்கு என்ற அதே குறிப்பு. ஒன்றே ஒன்றுதான் புதிது. பிசாசின் காலடியில் ‘படைத்தவர்’ என்று போட்டு அக்காவின் முழுப்பெயர், அவர் பிறந்த தோட்டத்தின் பெயரோடு அச்சாகியிருந்தது.

இந்த முறை நான் தனியாகப் போனேன். ஐயாவுக்கு உண்மையிலேயே வியப்பு. “பேரத்தான் போட்டாச்சேப்பா, இன்னும் என்ன? படத்துக்கு அச்சு பிளாக் செஞ்சு வச்சாச்சு, தூக்கிப் போடச் சொல்றியா? ரெண்டு மாசம் போனா யாருக்கு ஞாபகம் இருக்கும்?” என்றபடி தோளில் கையைப் போட்டார். நான் தட்டிவிட்டேன். அவர் அதற்கும் சிரித்தார்.

அவர் சொன்ன ரெண்டு மாசம்கூட ஆகவில்லை. ஆட்கள் வாங்க ஆரம்பித்தார்கள். மழையில் பெட்டியைப் போட்டவர்கள் புதுப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸில் போனதைப் பார்த்தேன். லகாட் மச்சான் வீட்டுக்குப் போனபோது அவன் மேசையிலேயே அது விரிந்துகிடந்தது. முகம் கொஞ்சம் சுருங்கியது அவனுக்கு.

“ஆட்டம் நல்லாருக்கே மச்சான், என்னா செய்யச் சொல்ற? அதான் ஐயா மன்னிப்பு கேட்டுட்டாரே லா. வரியும் திரும்பப் போட்டுட்டாரு.”

“அந்தப் பக்கத்தப் பாத்தியா?”

“அந்தப் பக்கத்த நாங்க வெளையாடுறதில்ல,” என்றான். பிறகு அவனே காட்டரசு ரசிகர் மன்றத்துக்குத் தலைவனானான். ஐயாவின் மேல் எனக்கிருந்த வெறுப்புக்கு ஓர் எல்லை இருந்தது, அவர் வியாபாரி. மச்சானுடைய வீட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டபோது அவன் மேல் வந்த வெறுப்புக்கு எல்லையே இல்லை. அழுதவன், கட்டிக்கொண்டவன், கை உடைப்பேன் என்றவன், ஒரு பக்கத்தை மட்டும் திறக்காமல் விட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தான்.

அக்காவை வழியனுப்ப ஒரு ஞாயிறு மாலை பஸ் நிலையத்துக்குப் போயிருந்தேன். பள்ளி முடித்த வயதில் இரண்டு இளைஞர்கள் பெட்டியோடு எங்களிடம் வந்தார்கள். ஒருவன் மிகுந்த மரியாதையோடு, “அக்கா, நீங்கதானே ஒத்தக்கண் பிசாச உண்டாக்குனவங்க? எங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்க்கா. ஒரு கையெழுத்து,” என்று அந்தப் பக்கத்தை விரித்து நீட்டினான். அக்கா பேனாவை வாங்கினார். காலடியில் இருந்த தன் பெயரை ஓர் எழுத்து விடாமல் அடித்தார். பிறகு அந்தக் கண்ணின் மேல் பேனா முனையைக் கொண்டுபோனார். கிறுக்கப்போகிறார் என்று நினைத்தேன். அதைத் தொடாமலேயே புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“புது பொட்டிக்கா,” என்றான் பையன் அழுவதுபோல்.

“தெரியும்பா,” என்று சொல்லிவிட்டு அக்கா பஸ் ஏறினார். அதற்குப் பிறகு ஈப்போவுக்கு விளையாட வரவில்லை. நாங்களும் தையல்கடை அறையைக் காலி செய்தோம்.

போன மாதம் ஐயாவின் மகன் தொலைபேசியில் அழைத்தான். அப்பா காலமாகிவிட்டார், அவர் நினைவாகப் பெட்டியை மறுபடி கொண்டுவருகிறோம் என்றான். “அப்பாவ ரசிகர்கள் எப்படி மன்னிச்சு ஏத்துக்கிட்டாங்கன்னு நீங்க நாலு வரி எழுதணும் அங்கிள். லகாட் அங்கிள் முதல் ஆளா சொல்லி வச்சுட்டாரு.” அந்தப் பக்கம் இருக்கிறதா என்று கேட்டேன். “அதுதான் அங்கிள் அட்டைப்படமே,” என்றான் உற்சாகமாக.

எழுத முடியாது என்று சொல்லி வைத்துவிட்டு, அக்காவை அழைத்தேன். கமுந்திங்கில்தான் இருக்கிறார், ஆலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகின்றன. சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கித்தான் சொன்னேன். வேறு யாராவது சொல்லித் தெரிந்துகொள்வதைவிட நான் சொல்வது மேல் என்று பட்டது. மறுமுனையில் சத்தமே இல்லை. கதைக்கு நடுவே அவர் நிறுத்தும் நிறுத்தம் அல்ல இது.

“கண்ணு அப்படியேதான் போட்டிருக்காங்களா தம்பி?”

“அப்படியேதான்க்கா.”

“ம்,” என்றார். பிறகு, “நீ சாப்ட்டியாப்பா?” என்று கேட்டார்.