தொணைக்கு யாரு வாரா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய், பிசாசு, காத்து, கருப்பு எதிலும் துளி நம்பிக்கை கிடையாது. நாமக்கல்லில் மொத்த முட்டைக் கடை வைத்திருப்பவள் நான். முட்டையைப் பல்பு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து என் கண்ணால் பார்த்தால்தான் நல்லது என்பேன், எவன் சத்தியம் செய்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பக்கத்துக் கடை அம்மா மந்திரித்த கயிறு கொடுத்தபோது அதை வைத்து முட்டை அட்டையைக் கட்டியவள். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், சிரிப்பதென்றால் கடைசி வரை கேட்டுவிட்டுச் சிரியுங்கள். இதில் நடுராத்திரியும் இல்லை, சுடுகாடும் இல்லை. சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும் மத்தியானத்தில்தான் ஆரம்பித்தது.

எல்லாம் என் தங்கை கோகிலாவால் வந்தது. அவள் சேலத்தில் சூரமங்கலம் ரயில்வே குடியிருப்பில் இருக்கிறாள், ரயில்வே ஆபீசில் வேலை. ஒருநாள் போனில் ஒரு வீடியோ அனுப்பினாள். இமயமலையில் வெள்ளை வெளேரென்று பனி, அதில் நம் வயசுப் பெண்கள் வரிசையாக நடந்து போகிறார்கள். உடனே கூப்பிட்டும் விட்டாள்.

"அக்கா, இது புதுசா ஏறறவங்களுக்கான கணவாயாமா. கயித்தைப் புடிச்சித் தொங்க வேண்டியதில்ல, நடக்கத் தெரிஞ்சாப் போதுமாம். போலாமாக்கா?"

"நடக்கத் தெரியும்டி, அங்க மூச்சு உடத் தெரியோணுமில்ல?" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அந்த வீடியோவை அன்றைக்கு எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. ரெண்டு மலைக்கு நடுவே ஒரு வழி, இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்க வேண்டும், உயரம் பன்னிரண்டாயிரம் அடிக்குக் கொஞ்சம் மேலே. நாற்பத்தாறு வயசு வரைக்கும் நான் பார்த்த பனியெல்லாம் பிரிட்ஜில் கத்தி வைத்துச் சுரண்டிப் போடும் பனிதான். கல்யாணம், பிள்ளைகள், கடை, லோடு என்று ஓடிய ஓட்டத்தில் எனக்கென்று இது வேண்டும் என்று ஒன்றை நான் கேட்டதே இல்லை. இதைக் கேட்டேன். இது மட்டும் நடந்தே தீர வேண்டும் என்று மனசு குதித்தது.

அப்புறம் பார்க்க வேண்டுமே எங்கள் அமர்க்களத்தை! உயரம் உடம்புக்குப் பழக நடுவில் ஒருநாள் ஓய்வு விடுகிற குழுவாகப் பார்த்துப் பதிந்தாள் கோகிலா. டாக்டர் சான்றிதழ் வாங்கினோம். புது பூட்ஸ் காலுக்குப் பழகட்டும் என்று கடையிலேயே போட்டுக்கொண்டு முட்டை அட்டைகளுக்கு நடுவில் தொம் தொம்மென்று நடந்தேன், லோடு இறக்குகிற ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் திருச்செங்கோட்டு மலைப் படிதான். முதுகுப் பையில் அரிசியைக் கட்டிக்கொண்டு ரெண்டு பேரும் புஸ் புஸ்ஸென்று ஏறுவோம். படியில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா பாவம் பார்த்து, "ஏனுங்க, சுமையோட ஏறறீங்களே, என்ன வேண்டுதலுங்க?" என்று கேட்டார். "பனி பாக்கோணும்னு வேண்டுதலுங்க" என்றாள் கோகிலா. அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார், நாங்கள் சிரித்த சிரிப்பில் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டோம்.

குளிர் ஜாக்கெட்டுகளை விலை கொடுத்து வாங்குவானேன் என்று வாடகைக்கு வரவழைத்தோம். எனக்கு நீலம், கோகிலாவுக்குச் சிவப்பு. பார்சல் என் வீட்டுக்கு வந்தது ஒரு மத்தியான நேரம், வெளியே தார் ரோடு இளகிக் கிடக்கிறது. ஆசை யாரை விட்டது, நீலத்தை எடுத்து மாட்டினேன். அடங்கொப்புரானே, இட்லிக் குண்டானுக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. கழற்றி எறிந்துவிட்டு, கோகிலாவுக்கு அளவு சரியாக இருக்குமா என்று பார்க்கச் சிவப்பு ஜாக்கெட்டின் கைக்குள் என் கையை விட்டேன்.

முழங்கை வரை ஜில்லென்று இருந்தது. துணி குளிரவில்லை, வெளியே தொட்டால் சுடுகிறது, உள்ளே மட்டும் அப்படி ஒரு குளிர். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உள்ளே கை விடச் சொன்னேன். விட்டுப் பார்த்துவிட்டு, "கூலர் காத்து பட்டிருக்கும் புள்ள" என்று போய்விட்டார். கூலர் அந்த அறையிலேயே இல்லை. ஆனால் நானும் விட்டுவிட்டேன், அப்போது என் புத்தி முழுக்கப் பனி மேல்தானே இருந்தது.

கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது கோகிலா குடியிருப்பு மாடிப்படியில் வழுக்கி விழுந்தாள். கணுக்காலில் ஜவ்வு கிழிந்து கட்டுப் போட்டுவிட்டார்கள். போனில் ஓவென்று அழுதாள். "நா வல்லக்கா... நீயாச்சும் போயிட்டு வாக்கா. என்ற ஜாக்கெட்டையும் எடுத்துட்டுப் போ, குளுருக்கு ரெண்டாப் போட்டுக்க" என்று சொல்லிவிட்டு அழுகை தாங்காமல் வைத்துவிட்டாள். நான் போனை மேஜையில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். கடைக் கணக்கு முடித்து உள்ளே வந்த என் வீட்டுக்காரருக்கு விஷயத்தைச் சொன்னதும் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

"அவ வல்லீன்னா நீயும் போக வேண்டாம். தெரியாத சீமைக்குத் தனியா அனுப்ப மாட்டேன். தொணைக்கு யாரு வாரா?"

"நா வாரேன்."

பொம்பளைக் குரல். சின்ன வயசுக் குரல், ஆசையாக, பள்ளிக்கூடத்தில் கை தூக்குகிற பிள்ளை சொல்வது போல. ஜாக்கெட்டுகள் கிடந்த உள் அறைப் பக்கமிருந்து வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், என் வீட்டுக்காரரும் கேட்டார். மேஜையில் கிடந்த போனை எட்டிப் பார்த்து, "யாரு, கோகிலா கூட வேல செய்யற புள்ளையா? சரி, ஆளு இருக்குதில்ல, அப்பப் போயிட்டு வா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

போன் எப்போதோ அணைந்துவிட்டது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தேன், ஆள் இல்லை, டிவி ஓடவில்லை, ஜன்னல் சாத்தியிருக்கிறது. உடம்பெல்லாம் சிலிர்த்தது வாஸ்தவம். ஆனால் உண்மையைச் சொல்லட்டுமா? பயத்தைவிடச் சந்தோஷம்தான் பெரிசாக இருந்தது. போகச் சொல்லிவிட்டாரே! யார் குரலாக இருந்தால் என்ன, நல்ல நேரத்தில் வாயைத் திறந்தது மகராசி என்று நினைத்துக்கொண்டு சிவப்பு ஜாக்கெட்டையும் பையின் அடியில் திணித்தேன். பஸ் ஏற்றிவிட வந்தபோது என் வீட்டுக்காரர், "அந்தப் புள்ள சேலத்துல ஏறிக்குமா?" என்று கேட்டார். "ம்" என்றேன்.

மலையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் விடிந்துவிடும், அத்தனை அழகு. குழுவில் புனேக்காரர்கள், கொல்கத்தாக்காரர்கள் என்று பலரும் இருந்தார்கள், தமிழ் பேச ஒரு ஜீவன் கிடையாது. வழிகாட்டி என் வயசு ஆள், மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். முட்டை லாரிக்காரர்களிடம் கற்ற என் ஓட்டை இந்தியில் அவரிடம் சமாளித்தேன். கடைசியாக வருவது எப்போதும் நான்தான், அவரும் எனக்காக நின்று நின்று நடப்பார். கணவாயைத் தாண்டுவதற்கு முந்தின நாள் டீ குடிக்கும்போது அவர் கேட்டார்.

"அக்கா, 'வாரேன்' என்றால் என்ன?"

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். ஏன் கேட்கிறீர்கள் என்றேன். "நான் 'போகலாமா' என்று திரும்பிக் கேட்கும்போதெல்லாம் நீங்கள் சொல்கிறீர்களே. மூச்சு வாங்கும்போது பேசாதீர்கள், தலையாட்டினால் போதும்" என்றார். நான் ஏறும்போது வாயே திறக்கவில்லை. திறக்க மூச்சு எங்கே இருந்தது? எனக்குப் பின்னால் நடக்கவும் ஆள் யாரும் இல்லை.

மறுநாள் ஏறினோம். எனக்குப் பின்னால் சரக் சரக்கென்று பனியில் இன்னொரு காலடி கேட்டது, நான் நின்றால் நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் பாருங்கள், பயமே வரவில்லை, கோகிலாவோடு திருச்செங்கோட்டுப் படி ஏறுகிற மாதிரியே இருந்தது. உச்சிக்கு வந்து நின்றேன். ரெண்டு பக்கமும் வெள்ளை மலைகள், காலுக்குக் கீழே மேகம். முட்டைக்காரி சாந்தி பன்னிரண்டாயிரம் அடியில் நிற்கிறாள்! கத்தினேன், அழுதேன், பனியை அள்ளி முகத்தில் பூசிக்கொண்டேன். அப்போது என் காதோரம், மூச்சு படுகிற தூரத்தில், அதே குரல் கேட்டது.

"வாரேனுங்க்கா."

எங்கள் பக்கம் கிளம்புகிறவர்கள் 'போறேன்' என்று சொல்ல மாட்டார்கள், அபசகுனம். 'வாரேன்' என்றுதான் விடைபெறுவார்கள். கூடவே வருகிறேன் என்பதற்கும் அதே 'வாரேன்'தான். அது எந்த வாரேன் என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை. இறங்கும்போது காலடிச் சத்தம் கேட்டதா என்றால், எல்லோரும் பாட்டும் கூத்துமாகச் சறுக்கிக்கொண்டு இறங்கிய சத்தத்தில் எதைக் கேட்பது?

ஊருக்கு வந்ததும் ஜாக்கெட்டுகளைத் திருப்பி அனுப்ப என் வீட்டுக்காரர்தான் பையைப் பிரித்தார். சிவப்பு ஜாக்கெட்டை நான் ஒருநாளும் வெளியே எடுக்கவே இல்லை, வைத்த மடிப்பு கலையாமல் அடியில் கிடந்தது. அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஏம்புள்ள, கழுத்துப் பட்டியெல்லாம் இப்பிடி மஞ்சளா இருக்குது?" என்றார். வாங்கிப் பார்த்தேன். முகத்துக்குப் பூசுகிற மஞ்சள், வியர்வையோடு ஊறிப்போய் இருந்தது. எனக்கு மஞ்சள் ஆகாது, பூசினால் முகம் தடித்துவிடும், அது அவருக்கும் தெரியும். அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். "ஓ, அந்தப் புள்ள போட்டுக்கிச்சாக்கும். ஆமா, அது பத்தரமா ஊடு போய்ச் சேந்துச்சா?"

ஜாக்கெட்டை மடித்துப் பார்சலில் போட்டு ஒட்டினேன். அன்றிலிருந்து நான் வீட்டை விட்டுக் கிளம்பும்போது எதுவும் சொல்லிக்கொள்வதில்லை. 'போறேன்' என்று சொல்ல நாக்கு எழாது. 'வாரேன்' என்று சொன்னால் உள் அறையிலிருந்து பதில் வந்துவிடுமோ என்று இருக்கிறது.

கோகிலாவுக்குக் கால் சரியாகிவிட்டது. போன வாரம் கூப்பிட்டு, இன்னும் கொஞ்சம் உயரமான கணவாய் ஒன்று இருக்கிறது, அதற்கும் புதியவர்கள் போகலாம் என்று ஒரே ஆர்ப்பாட்டம். எனக்கும் உள்ளங்கால் பரபரவென்று அரிக்க ஆரம்பித்துவிட்டது. "இந்த வாட்டி தொணைக்கு நா வாரேன்க்கா!" என்றாள்.

"கோகிலா, நீதான பேசற?" என்று கேட்டுவிட்டேன்.

"பின்ன வேற யாருக்கா?" என்று சிரித்தாள்.