வெயிலில் நின்றவளுக்குக் குறைந்த விற்றமின்

உடம்பில் விற்றமின் டி குறைவு என்று டொக்டர் சொன்னபோது அக்கா சிரித்துவிட்டாள்.

"டொக்டர், நான் மண்கும்பானிலை கருவாடு காயப்போடுறனான். கலியாணம் கட்டின நாளிலையிருந்து வெயிலுக்கை நிக்கிறன். எனக்கோ வெயில் காணாது?"

டொக்டர் இளம் பெண். அவர் சிரிக்கவில்லை. "இந்த நோய் உள்ள கனபேருக்குக் குறைவுதான், அம்மா. குறைவாலை வருத்தம் வந்ததோ, வருத்தத்தாலை குறைஞ்சதோ எண்டு எங்களாலை சொல்லேலாது."

அக்காவுக்குச் சூலகத்தில், கருமுட்டை உருவாகும் இடத்தில், புற்றுநோய். பல மாதமாக வயிறு ஊதிக்கொண்டு வந்தது. வாய்வு என்று நினைத்து மல்லித்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப்போய் ஸ்கான் எடுத்தபோது நோய் வயிறு முழுக்கப் பரவியிருந்தது. சத்திரசிகிச்சையில் முழுவதையும் எடுக்க முடியவில்லை. மிச்சத்துக்குக் கீமோ.

நான் சரவணைப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அதனால் அந்த விற்றமினை விடாமல் டொக்டரிடம் துருவிக் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். உடம்பைக் கட்டும் சின்னஞ்சிறு கலங்களுக்குள் விற்றமின் டியைப் பிடிக்கும் வாங்கிகள் உண்டு. சூலகப் புற்றுக் கலங்களிலும் உண்டு. ஆய்வுகூடத்தில் அந்தக் கலங்களுக்கு விற்றமினைக் கொடுத்தால் சில வேளை அவை பெருகுவது குறைகிறது. "ஆனால் அது கண்ணாடித் தட்டிலை, ரீச்சர். மனுசரிலை நோயை மாத்தும் எண்டு காட்டுறதுக்கு எங்களிட்டை ஒண்டும் இல்லை." எலும்புக்காக மட்டும் சிறிய அளவில் குளிசை எழுதித் தந்தார்.

வேலணை பஸ்ஸில் திரும்பும்போது எல்லாவற்றையும் அக்காவுக்குச் சொன்னேன். கண்ணாடித் தட்டையும் சொன்னேன். அவள் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப அதைப் பிடிக்க உள்ளுக்கை ஏதோ இருக்கு. நாங்கள் குடுத்தால் சரி" என்றாள்.

கனடாவிலிருக்கும் தம்பிக்கு அவளே போன் எடுத்துச் சொல்லியிருக்கிறாள். அவன் ஊருக்கு வந்த ஒருவரிடம் கடும் வீரியமான விற்றமின் டி குளிசைப் போத்தல்கள் கொடுத்துவிட்டான். கிழமைக்கு ஒன்று என்று அதில் எழுதியிருந்தது. அக்கா நாள்தோறும் விழுங்கினாள், சில நாள் இரண்டு. அத்தான் விடியமுன் கடலுக்குப் போய்விடுவார். நான் பின்னேரம்தான் போவேன். எங்கள் இருவருக்கும் தெரியாது.

பிறகு சாப்பிட்டது தங்காமல் ஓயாத சத்தியும் தாகமும் வந்தன. கீமோவின் வேலை என்றுதான் நினைத்தோம். ஒரு பின்னேரம் என்னைப் பார்த்து, "அம்மா, எப்ப வந்தனீங்கள்?" என்றாள். எங்கள் அம்மா செத்துப் பல வருடமாகிறது. உடனே ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். இரத்தத்தில் கல்சியம் மிதமிஞ்சி ஏறியிருந்தது. சிறுநீரகமும் பழுதாகத் தொடங்கியிருந்தது. வேறென்ன மருந்து எடுத்தவர் என்று டொக்டர் கேட்டார். அத்தான் வீட்டுக்குப் போய்த் தேடி, வெறும் போத்தலுடன் வந்தார்.

தெளிந்தபின் டொக்டர் கேட்டார். "ஆர் அம்மா இதை இவ்வளவு போடச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நான்தான் போட்டனான். விற்றமின்தானே, என்ன செய்யப்போகுது எண்டு நினைச்சன்."

டொக்டர் ஏசவில்லை. கட்டிலோரம் இருந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். சிறுநீரகம் தேறும்வரை கீமோவை நிறுத்த வேண்டியிருந்தது. அதற்குள் வயிற்றில் திரும்பவும் தண்ணீர் கட்டியது. இனிக் கீமோவை உடம்பு தாங்காது என்று எங்களை வெளியே கூப்பிட்டுச் சொன்னார்கள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டொக்டர் ஒன்று கேட்டார். சத்திரசிகிச்சையில் எடுத்த கட்டியின் ஒரு துண்டு பத்திரமாக இருக்கிறது, அந்த வாங்கிகளைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அதைப் பாவிக்கலாமா என்று.

"பாத்தால் எனக்கு மருந்து வருமோ?"

"உங்களுக்கு வராது, அம்மா."

"என்ரை தங்கச்சிக்கு?"

"அதையும் சொல்லேலாது."

அக்கா வயிற்றைத் தடவிக்கொண்டாள். "எடுங்கோ. எனக்கு வேண்டாத சாமான்தானே" என்றாள்.

தென்மேற்கிலிருந்து சோளகக்காற்று தொடங்கிய நாட்களில் அக்கா போய்விட்டாள். கடைசிக் கிழமைகளில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள், செபம் சொல்லவந்த சாமியாரிடம்கூடத் திரும்பவில்லை.

பல மாதம் கழித்து அந்த டொக்டரைக் காணப் போனேன். அக்காவின் கட்டியைப் பார்த்தார்களா என்று கேட்டேன்.

"பாத்தவை. வாங்கி இருந்தது, ரீச்சர். நிறையவே இருந்தது." அவர் மேசையைப் பார்த்தார். "வாங்கி கனக்க இருந்த சிலபேர் கனகாலம் உயிரோடை இருந்தவை, சிலபேர் கெதியாக் காலமாகிட்டினம். அதுக்கு என்ன அர்த்தம் எண்டு எங்களுக்கு இன்னும் விளங்கேல்லை."

அன்றிரவு தம்பி போன் எடுத்தான். டொக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"அந்த வாங்கி இருந்ததோ?" என்றான். பிறகு, "நான் அனுப்பின குளிசையாலைதானோ, சின்னக்கா?"

இல்லையென்று சொன்னேன். நோய் எப்படியும் கொண்டுபோயிருக்கும் என்றேன். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. அவன் அழுவது கேட்டது. நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.