ஏலக்காயோடு நியாயம் கேட்கப் போனது

போடிநாயக்கனூரிலிருந்து சென்னைக்கு டாக்டருக்குப் படிக்கப் போன பெண், எனக்குத் தெரிந்து அந்தக் காலத்தில் நான் ஒருத்திதான். பெருமைக்காகச் சொல்லவில்லை. ஏலத்தோட்டங்களில் பிரசவ வலி கண்டால், டோலி கட்டி மலையிலிருந்து இறக்குவார்கள். அடிவாரம் வருமுன்னே பல பேர் போய்விடுவார்கள். என் அம்மாவும் அப்படித்தான் போனாள். அதற்குப் பிறகுதான் அப்பா ஊர்ப்பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல் என்னைப் படிக்க அனுப்பினார்.

வகுப்பில் மற்ற எல்லோரும் ஆண்கள். எனக்கு மூலையில் ஒரு நாற்காலி, மறைப்புக்கு ஒரு தட்டி. தட்டிக்கு மேலாகப் பல்லியைத் தூக்கிப் போடுவார்கள். பல்லிக்குப் பயந்தவள் மலையடிவாரத்தில் வளர்ந்திருக்க முடியாது என்பது அந்த மடையர்களுக்குத் தெரியவில்லை.

பொறுக்க முடியாமல் போனது பிணம் அறுக்கும் கூடத்தில்தான். கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறேன் என்று உதவி ஆசிரியன் என் பின்னால் வந்து ஒட்டி நிற்பான். அவன் கை கத்தியோடு நிற்காது. நான் விலகினால், "கூச்சப்படுகிறவள் வீட்டில் சோறு பொங்கலாமே" என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி சொல்வான். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு அழுகை வராது, ஆத்திரம்தான் வரும்.

கல்லூரிக்குத் தலைமை வகித்த வெள்ளைக்காரத் துரையிடம் புகார் சொன்னேன். தகப்பனாரை அழைத்து வா, அவர் முன்னால் விசாரிக்கலாம் என்றார். ஒரு வாத்தியாரால் தொந்தரவு என்று மட்டும் வீட்டுக்கு எழுதினேன்.

அப்பா மாட்டுவண்டியும் ரயிலும் மாறி வந்து சேர்ந்தார். தோளில் ஒரு பை. அந்த வருஷத்து முதல் பறிப்பில் கொழுத்த ஏலக்காயாகப் பொறுக்கி, புதுத்துணியில் கட்டியிருந்தார். எங்கள் பக்கத்தில் நியாயம் கேட்கப் போகிறவர்கள் பெரியவர்களுக்கு முன்னால் எதையாவது வைத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். எனக்கும் அது தப்பாகப் படவில்லை. நானும் அந்த ஊர்க்காரிதானே.

துரை மேஜையில் அப்பா பையை வைத்ததும் துரையின் முகம் மாறியது. குமாஸ்தாவிடம் ஏதோ சொன்னார்.

"லஞ்சம் கொடுத்து ஜெயிக்கப் பார்க்கிறீர்களா என்று கேட்கிறார்" என்றார் குமாஸ்தா.

"லஞ்சமா? மருவாதைக்குக் கொண்டாந்தது சாமி. வெறுங்கையோட நாயம் கேக்குறது எங்க ஊர்ல வழக்கமில்ல."

நானும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினேன். விளக்க விளக்க அவர் முகம் இன்னும் சிவந்தது. உண்மையான புகாருக்கு லஞ்சம் எதற்கு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அந்த ஆசிரியனைக் கூப்பிட்டுக்கூடக் கேட்கவில்லை.

ஆனாலும் என் பாதுகாப்பை அவர் மறந்துவிடவில்லை. இனி நான் அந்தக் கூடத்துக்குப் போகக்கூடாதாம். போதுமான பெண்கள் சேர்ந்தால் தனி வகுப்பு வைப்பார்களாம். இருந்ததே நான் ஒருத்தி. கூடத்துக்குப் போகாதவர்களுக்குப் பரீட்சை கிடையாது. ஆக, என்னைப் பத்திரமாக வெளியே அனுப்பிவிட்டார்கள்.

வெளியே வந்தோம். தாழ்வாரத்தில் அந்த ஆசிரியன் எதிரே வந்தான். கோட்டு போட்டவர்கள் எல்லோருமே அப்பாவுக்கு அதிகாரிகள்தான். இவர் சொன்னால் துரை கேட்பார் என்று நினைத்திருக்க வேண்டும். நான் தடுப்பதற்குள் அவன் முன்னால் போய் இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

"அய்யா, எம்மக வெவரம் பத்தாத புள்ள. எதுவும் தப்பாச் சொல்லியிருந்தா மன்னிச்சுக்கங்க. அவ படிப்ப மட்டும் நிப்பாட்ட வேணாம்னு தொரைகிட்டச் சொல்லுங்க."

அவன்தான் இவன் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லியிருந்தால் அப்பா அங்கேயே அவனைக் கொன்றுவிட்டு ஜெயிலுக்குப் போயிருப்பார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு அப்பாவின் தோளைத் தட்டி, "போகட்டும் பெரியவரே, சின்னப் பெண்தானே, மன்னித்துவிட்டேன்" என்றான்.