பிஸ்கற் பேணிக்குள் ஏழு அடையாள அட்டைகள்

மூத்ததம்பிக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. லிங்கநகரில் அவரைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். சோற்றுக் கோப்பையோடு பாதியில் எழும்பிப் படலை வரை போய் ரோட்டைப் பார்த்துவிட்டு வருவார். பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தாலும் கதவடியில்தான் நிற்பார். கலியாண வீட்டில் அவருக்கென்று போட்ட கதிரையில் அவர் இருந்து யாரும் கண்டதில்லை. நாற்பத்தொன்பது வயது, வெயிலும் உப்பும் ஏறிய உடம்பு, அதிகம் பேசாத வாய். வலது கைக்கு மட்டும் ஓயாத வேலை ஒன்று இருந்தது. அது இடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இடுப்பில், சாரத்தின் மடிப்புக்குள், பொலித்தீன் பையில் சுற்றியபடி அவருடைய அடையாள அட்டை இருந்தது. கடலுக்குப் போனாலும் அது கூடப் போகும். கிணற்றடியில் குளித்தாலும் கூடக் குளிக்கும். "இந்த மனுசன் என்னைக் கட்டினதோ, ஐசியைக் கட்டினதோ தெரியாது" என்று மனைவி ராசமலர் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பாளே தவிர, காரணம் அவளுக்கும் தெரியும்.

காரணத்தின் பெயர் வேலன். மூத்ததம்பியின் ஒரே தம்பி. தொண்ணூறாம் ஆண்டு ஒரு நாள், ஏதோ படிவம் நிரப்ப வேண்டுமென்று ஒரு கந்தோரில் அடையாள அட்டையைக் கொடுத்தான். அரை மணித்தியாலம் கழித்து வரச் சொன்னார்கள். எதிர்க் கடையில் தேத்தண்ணி குடிக்கப் போனான். அதற்குள் ஆமிக்காரர்கள் தெருவைச் சுற்றி வளைத்தார்கள். மற்றவர்கள் அட்டையை நீட்டினார்கள். வேலன் விரலை நீட்டினான். அட்டை அந்தக் கந்தோரில் இருக்கிறது, கூப்பிடு தூரம்தான், வந்து பாருங்கள் என்றான். ஒரு ரோட்டைக் கடந்து போய்ப் பார்த்தால் ஒரு உயிர் மிஞ்சியிருக்கும். அதற்குக்கூட அந்த மகாராசாக்களுக்குக் கால் எழும்பவில்லை. லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அட்டை பிறகு வீட்டுக்கு வந்தது. வேலன் வரவில்லை.

அதே ஆண்டு கடலும் போயிற்று. கரையிலிருந்து சற்றுத் தள்ளி நேவி பீப்பாக்களை மிதக்கவிட்டது. அவற்றுக்கு அங்காலே எந்த வள்ளமும் போகக் கூடாது என்று கட்டளை. மூத்ததம்பி பதினாறு வயதிலேயே ஆழக்கடல் கண்டவர். தண்ணீர் கறுநீலமாக மாறுகிற அந்த இடத்துக்குப் போனால்தான் இந்த மனுசனுக்கு நெஞ்சு ஆறும் என்று ராசமலர் சொல்வாள். ஏழு வருடமாக அவர் பீப்பாவுக்கு இங்காலே சூடையும் சாளையும் பிடித்தார். அங்காலே நிறம் மாறும் தண்ணீரைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

தொண்ணூற்றேழில், கடல் ஆடாமல் கிடந்த ஆவணி மாதத்தில், கொழும்பிலிருந்து தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். இந்த நாட்டின் ஆதி வரலாற்றைப் பகுதி பகுதியாகப் படம் பிடிப்பது அவர்கள் வேலை. கல்வெட்டையும் உடைந்த பானையையும் காட்டினால் சனம் ரீவியை நிறுத்திவிடும், மனிதர் நடமாட வேண்டும் என்பது அவர்களுடைய இயக்குநரின் கொள்கை. இந்தப் பகுதியில் ஈராயிரம் வருடத்துக்கு முந்திய வணிகர்கள் கப்பலில் வந்து இறங்க வேண்டும். நடிகர்களை வள்ளத்தில் ஏற்றிப் பார்த்தார்களாம். எல்லோரும் வாந்தி எடுத்தார்களாம். ஆகவே உண்மையான கடலோடிகள் ஏழு பேர் தேவைப்பட்டார்கள்.

ஆள் பிடிக்கக் கரைக்கு வந்தவன் பாயிஸ். கிண்ணியாப் பொடியன், கொழும்பில் அந்த இயக்குநரிடம் உதவியாளனாக இருந்தான்.

"ஒரு நாள் வேலைதான் அண்ணன். காலையில கரையோட வந்து இறங்குறத எடுப்பம். பின்னேரம் ஒருக்காப் பீப்பாவுக்கு அங்கால போய் வரணும். நேவி ஒரு தரத்துக்கு மட்டும் பெர்மிஷன் தந்திருக்கு."

மற்றவர்கள் சாப்பாடு உண்டா, சம்பளம் எவ்வளவு என்று கேட்டார்கள். மூத்ததம்பி ஒன்றுதான் கேட்டார்.

"அங்கால எண்டால், எவ்வளவு தூரம்?"

"அரை மைல் போகலாம்."

அன்று இரவு மூத்ததம்பி ஒரு கோப்பைச் சோற்றை எழும்பாமல் இருந்து சாப்பிட்டார். ராசமலர் பயந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

காலையில் கரையில் வேடம் போட்டார்கள். இடுப்பில் பருத்தித் துண்டு, தலையில் பாகை, கழுத்தில் களிமண் மணிகள். பழைய வள்ளமொன்றுக்குப் பலகை அடித்துப் பாய் கட்டியிருந்தார்கள். பாயிஸ் பெரிய தகரப் பிஸ்கற் பேணி ஒன்றோடு வந்தான். மணிக்கூடு, மோதிரம், மூக்குக்கண்ணாடி, அடையாள அட்டை எல்லாவற்றையும் அதற்குள் போடச் சொன்னான். அந்தக் காலத்து மனிதரிடம் இந்தக் காலத்துச் சாமான் ஒன்றும் இருக்கக் கூடாது. ஆறு பேர் போட்டார்கள். மூத்ததம்பி மறுபக்கம் திரும்பி, பருத்தித் துண்டை இறுக்கிக் கட்டுவதுபோல் பாவனை பண்ணி, அட்டையை அதற்குள் செருகிக்கொண்டார்.

முதற் காட்சி நன்றாகத்தான் தொடங்கியது. வள்ளம் கரை தட்டியது. ஏழு பேரும் மூட்டைகளோடு இறங்கினார்கள். அரசனின் காவலாளாக நடித்த ஒருவன் வேலோடு ஓடிவந்து, "நில்லுங்கள்" என்று அதட்டினான். வணிகர்கள் மூட்டையைத் திறந்து முத்தும் துணியும் காட்டுவதுதான் திட்டம்.

அதட்டல் காதில் விழுந்ததும் ஏழு பேரும் மூட்டைகளைப் போட்டார்கள். யாரும் சொல்லாமலே, சோதனைச் சாவடியில் நிற்பதுபோல வரிசையாக நின்றார்கள். ஏழு வலது கைகள் இடுப்புக்குப் போயின. ஆறு கைகள் வெறும் துணியைத் தடவின. மூத்ததம்பி அடையாள அட்டையை எடுத்து, பொலித்தீனை உரித்து, இரண்டு கையாலும் அரசனின் காவலாளிடம் நீட்டினார். அந்தப் பாவி மனிதனும் சாவடிகளில் கண்டு பழகிய தோஷத்தில் வாங்கிப் படத்தையும் முகத்தையும் ஒத்துப் பார்த்தான்.

காவலுக்கு நின்ற நேவிக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இயக்குநர் தொப்பியைக் கழற்றி மணலில் அடித்தார். அவர் சிங்களத்தில் பொரிந்து தள்ளியதைப் பாயிஸ் பாதியாகக் குறைத்துச் சொன்னான்.

"அட்டையத் தந்தாத்தான் பின்னேரம் வள்ளத்தில ஏறலாமாம் அண்ணன். இல்லாட்டி வேற ஆளப் போடுவாராம்."

"ஏலாது தம்பி" என்றார் மூத்ததம்பி.

சொல்லிவிட்டுப் போகவும் முடியவில்லை. மத்தியானம் முழுக்கக் கரையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தார். ஒரு பக்கம் பார்த்தால் பீப்பாக்கள், அவற்றுக்கு அங்காலே கறுநீலம். மறுபக்கம் பார்த்தால் பிஸ்கற் பேணி. போய் வர எவ்வளவு நேரம் ஆகும் என்று பாயிஸிடம் கேட்டார்.

"அரை மணித்தியாலந்தான்."

வேறு எந்தக் கணக்கைச் சொல்லியிருந்தாலும் தேவலை. வேலனுக்கும் அதைத்தான் சொன்னார்கள். ஆனாலும் வள்ளத்தில் பாய் ஏறுவதைக் கண்டதும் மனுசனால் தாங்க முடியவில்லை. அட்டையைப் பேணிக்குள் போட்டுத் தானே மூடியை அமத்தினார்.

"நான் பாக்கிற இடத்தில நில்லும் தம்பி. அசையாதையும்."

"ஓம் அண்ணன். இந்த இடத்திலயே நிக்கிறன்."

வள்ளம் புறப்பட்டது. மூத்ததம்பி பின்முனையில் சுக்கான் பிடித்தார். முன்முனையில் படப்பிடிப்பாளன் அவரைப் பார்த்தபடி குந்தியிருந்தான். பீப்பாக்கள் பக்கத்தில் வந்தன, பின்னால் போயின. மற்ற ஆறு பேரும் ஓ என்று குரல் எடுத்தார்கள். ஒருவன் கடல்நீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டு அழுதான். மூத்ததம்பி கழுத்தைத் திருப்பிக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் ஒரு புள்ளியாகப் பாயிஸ் நின்றான், அவன் கையில் வெயில் பட்டு மின்னும் பேணி.

அரை மைல் போய் வள்ளத்தைத் திருப்பும் நேரத்தில் கரைக்கு ஒரு ஜீப் வந்து நின்றது. பேணியின் மின்னல் அசைந்தது. பாயிஸ் பேணியோடு ஜீப்பை நோக்கி நடந்தான். ஜீப்புக்கு அந்தப் பக்கம் போனான். பிறகு அவனைக் காணவில்லை.

அதற்குப் பிறகு மூத்ததம்பிக்கு அந்த ஜீப்பைத் தவிர உலகத்தில் வேறொன்றும் இல்லை. இமை கொட்டாமல், வாய் பாதி திறந்தபடி, சுக்கானை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வள்ளத்தைக் கரைக்கு விரட்டினார். கரை தட்டுமுன்னே குதித்து, இடுப்பளவு தண்ணீரில் விழுந்தெழும்பி ஓடினார்.

"ஒண்டுமில்ல அண்ணன், பேர் பதியக் கேட்டாங்க" என்று பாயிஸ் பேணியை நீட்டினான். மூத்ததம்பி ஏழு அட்டைகளையும் மணலில் கொட்டித் தன்னுடையதைப் பொறுக்கி எடுத்து, ஈரத்தோடு இடுப்பில் செருகினார். படப்பிடிப்பாளன் கமெராவில் காட்டியதைப் பார்த்துவிட்டு இயக்குநர் ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்தார். அவருக்கு ஏன் அவ்வளவு சந்தோசமென்று யாருக்கும் விளங்கவில்லை.

அடுத்த தைப்பொங்கல் கழிந்து படம் வந்தபோதுதான் விளங்கியது. பக்கத்து வீட்டுக் குலசிங்கத்தாரின் அறையில் ஊரே நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. மூத்ததம்பி வழக்கம்போலக் கதவடியில் நின்றார். திரை முழுவதும் அவருடைய முகம் வந்தது. பின்னாலே கரையே இல்லாத கறுநீலக் கடல். ஒரு கனத்த குரல் சொன்னது: "பல மாதக் கடற்பயணத்தின் பின் இந்த மண்ணை முதன்முதலாகக் காண்கிறான் அந்த வணிகன். அவன் கண்களில்தான் எத்தனை ஏக்கம்!"

சனம் கைதட்டியது. குலசிங்கத்தார் திரும்பி, "எங்கையடாப்பா படிச்சனீ இந்த நடிப்பை?" என்றார்.

"அவர் பிஸ்கற் பேணியைப் பாக்கிறார்" என்றாள் ராசமலர். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டுப் புருசன் பக்கம் திரும்பினாள். "அது கிடக்கட்டும். ஏழு வரிசமாக் கேட்டுக் கிடந்த கடல். போய் வந்து எப்பிடி இருந்தது எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே நீங்கள்."

மூத்ததம்பியின் கை இடுப்புக்குப் போயிற்று. திரையில் தன் முதுகுக்குப் பின்னால் விரிந்து கிடந்த கறுநீலத்தை அவர் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பாக்கேல்லை" என்றார்.