கந்தக நாச்சியாரின் மூலப் படம்

பட்டாசு லேபிள் வரைகிற தொழிலில் பசி, தூக்கம் எல்லாமே சீசன் பார்த்துத்தான் வரும். என்னைப் போல சிவகாசியில் தூரிகையோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

ராணி பிறந்தாள்

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு சீசன். நாரணாபுரத்து வெடி கம்பெனிக்காரர் எங்கள் அச்சகத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். சிங்கம் வேண்டாமாம், சினிமா நடிகை வேண்டாமாம், ஒரு ராணி வேண்டுமாம். அதுவும் சாயங்காலத்துக்குள்! ராணிக்கு நான் எங்கே போவேன்? நிமிர்ந்து பார்த்தேன். எதிரே பைண்டிங்கில் பேச்சியம்மா பசை தடவிக்கொண்டிருந்தார். நல்ல களையான முகம், தாடையில் ஒரு மச்சம். அப்படியே வரைந்து கிரீடத்தை வைத்தேன். அடியில் கொஞ்சம் இடம் வெறுமையாகக் கிடந்தது. 'பகைவர் மீது நெருப்புப் பானை எறிந்து விரட்டிய கந்தக நாச்சியார்' என்று கைக்கு வந்ததை எழுதி நிரப்பினேன்.

கம்பெனிக்காரர் படித்துவிட்டு உருகிப்போனார். "ஏம்ப்பா, இம்புட்டு வீரமான பொம்பளைய இத்தன நாளா எங்கன ஒளிச்சு வச்சிருந்தீக?"

ராணி சாமியானாள்

அச்சில் வீணாகும் தாள்களை எங்கள் பக்கம் யாரும் தூக்கிப் போடுவதில்லை. படம் நன்றாக இருந்தால் சட்டம் போட்டு மாட்டிவிடுவார்கள். தாயில்பட்டியில் பேச்சியம்மாவின் மதினி அப்படித்தான் மாட்டினார். கம்பெனி பெயர் இருந்த மேல்பகுதி சட்டத்துக்குள் அடங்கவில்லை, வெட்டிவிட்டார். முருகனுக்குப் பக்கத்தில் நாச்சியார், நெற்றியில் குங்குமம்.

நாட்டார் தெய்வங்களைத் தேடி ஊர் ஊராகப் போன ஒரு பேராசிரியர் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார். அடுத்த வருஷம் அவருடைய புத்தகம் வந்தது. மூன்றாம் அத்தியாயம் முழுக்க நம்ம ஆள்தான். நானூறு வருஷத்துக்கு முந்தைய குறுநில அரசியாம்! எனக்குத் தலை சுற்றியது. அவரிடம் என்னதான் சொன்னீர்கள் என்று மதினியைக் கேட்டேன். "சாமியான்னு கேட்டாரு. முருகன் பக்கத்துல இருக்கிறவுகள சாமி இல்லேன்னு நா எப்படிச் சொல்ல?"

ராணியின் மகள்

இதோடு விட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். பேச்சியம்மாவின் மகள் செல்வி அந்தப் பேராசிரியரிடமே வரலாறு படித்தாள். காலேஜில் அவர் வைத்த பரீட்சையில் கந்தக நாச்சியார் பற்றி ஒரு கேள்வி. 'அப்படி ஒரு அரசி கிடையாது, அது என் அம்மா' என்று எழுதி வைத்துவிட்டாள். கிண்டல் செய்கிறாள் என்று அவர் முட்டை போட்டுவிட்டார். அந்தத் தாளில் தேறாவிட்டால் பி.எட். கனவு அவ்வளவுதான். பிள்ளை சாப்பிடாமல் கிடக்கிறாள் என்று பேச்சியம்மா வந்து அழுதார்.

உடனே பேராசிரியருக்குப் போன் போட்டேன். "சார், அதை வரைஞ்சது நான்தான்!"

மனிதர் அசையவே இல்லை. "பாத்துத்தான வரைஞ்சிருப்பீக? அந்த மூலப் படம் எங்கன இருக்கு, அதச் சொல்லுங்க."

ராணி நேரில் வந்தாள்

கடவுள் இருக்கிறார். புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு எங்கள் அச்சகத்துக்கே ஆர்டராக வந்தது. நாச்சியார் படம் போட்ட அட்டையைச் சரிபார்க்கப் பேராசிரியர் வந்த அன்று, நான் பேச்சியம்மாவைக் கூப்பிட்டேன். பசைக் கையோடு வந்து அட்டைக்குப் பக்கத்தில் நின்றார். அதே கண், அதே மூக்கு, அதே மச்சம்.

"சார், நா செத்து நானூறு வருசம் ஆச்சுன்னு போட்டுருக்கீக, போட்டுக்கோங்க. எம் மக உசுரோட இருக்கா. அவளுக்கு மார்க்கக் குடுங்க."

அவர் அட்டையைப் பார்த்தார், பேச்சியம்மாவைப் பார்த்தார், நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சண்டை போடப்போகிறார் என்றுதான் நினைத்தேன். போனை எடுத்துக் காலேஜில் யாரிடமோ செல்வியின் தாளை மறுபடி திருத்த எடுத்து வைக்கச் சொன்னார். எங்களிடம் மூன்றாம் அத்தியாயத்தை அச்சிடாமல் நிறுத்தச் சொன்னார். ஒரு லேபிள் சாமியான கதையை அந்த இடத்தில் எழுதப்போவதாகவும், முதல் நன்றி செல்விக்கு என்றும் சொன்னார். பெரிய மனுஷன்தான், சும்மா சொல்லக்கூடாது. பிறகு எழுந்து கையைக் கூப்பினார். "அம்மா, மூலப் படம் கெடச்சிருச்சு."

செல்வி இன்று விருதுநகர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறாள். கந்தக நாச்சியார் மட்டும் வருஷா வருஷம் தீபாவளியன்று வீரமரணம் அடைந்துகொண்டிருக்கிறார்.