கண்ணால் பார்த்தால்தான்

என் வீட்டுக்காரர் கார் மெக்கானிக். பிடிவாதத்துக்குப் பெயர் போனவர். இருபத்தாறு வருடமாக அவருக்கு ஒரே சட்டம்தான்: பழுதைத் தன் கண்ணால் பார்க்காமல் எந்தப் பாகத்தையும் மாற்றமாட்டார். மற்ற பட்டறைகளில் இதுவாக இருக்கும், அதுவாக இருக்கும் என்று நாலு சாமானை மாற்றி அனுப்பிவிடுவார்கள். இவரிடம் அந்தக் கதையே கிடையாது. அந்தப் பெருமையில் எனக்கும் பாதிப் பங்கு உண்டு. பட்டறையில் ஃபோனை எடுப்பதும், பாகங்கள் இருக்கும் அலமாரியைப் பார்த்துக்கொள்வதும் நான்தான்.

ஒரு திங்கட்கிழமை காலை, அடுத்த தெருத் தையல்காரர் தன் பழைய காரைக் கொண்டுவந்தார். முழங்கால் தேய்ந்த மனிதர். பஸ் படி ஏறுவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அவர் மனைவி இரண்டு வாரமாக ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஆஸ்பத்திரி முப்பது கிலோமீட்டர் தள்ளி. சாயங்காலம் நாலிலிருந்து ஆறு வரைதான் பார்க்க விடுவார்கள்.

"கெளம்புறப்ப நல்லாத்தான் ஓடுதுண்ணே. அரை மணி நேரம் போய் சூடானதும் பொசுக்குன்னு நின்னுடுது. ஒருநாள் நிக்குது, ஒருநாள் நிக்கல. கால் மணி நேரம் விட்டா தானா கெளம்புது. நேத்து தண்டவாளத்து மேலயே நின்னுடுச்சு."

இவர் பானட்டைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "காயிலாத்தான் இருக்கும்னு தோணுது" என்றார். காயில் என்பது தீப்பொறிக்கு மின்சாரம் ஏற்றித் தரும் சின்ன டப்பா. புதியது ஒன்று எங்கள் அலமாரியிலேயே இருந்தது.

"அப்ப அதையே மாத்திடுங்களேன்" என்றார் தையல்காரர்.

"தோணுறதுக்கெல்லாம் மாத்த முடியாது தம்பி. பெட்ரோல் பம்பா இருக்கலாம், கார்புரேட்டரா இருக்கலாம். என் கண்ணு முன்னாடி ஒரு தடவை நிக்கட்டும். சும்மா மாத்தி அனுப்பி, மறுபடியும் தண்டவாளத்துல நின்னா யாரு பதில் சொல்றது?"

நியாயமான பேச்சுதான். நானும் தலையாட்டினேன்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரை போய் வந்தார். நிற்கவில்லை. புதன்கிழமையும் போனார். அன்றைக்கும் அது புது மாப்பிள்ளை மாதிரி அடக்க ஒடுக்கமாக ஓடியது. ஓடுகிற வண்டியைத் திட்டிய ஒரே ஆள் உலகத்தில் என் வீட்டுக்காரராகத்தான் இருப்பார்.

தையல்காரர் செவ்வாய்க்கிழமை இரண்டு பஸ் மாறிப் போயிருக்கிறார். போய்ச் சேர ஐந்தே முக்கால் ஆகிவிட்டது. கால் மணி நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினார். புதன்கிழமை முழங்கால் வீங்கி, கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. அன்று சாயங்காலம் ஃபோன் செய்தார். நான்தான் எடுத்தேன்.

"அண்ணி, நின்னா நிக்கட்டும். வண்டியைக் குடுக்கச் சொல்லுங்களேன்."

"பாதியில எப்படிக் குடுப்பாரு? கை வச்சா முடிக்காம விடமாட்டாருன்னு உங்களுக்குத் தெரியாதா? இன்னும் ஒருநாள் பொறுத்துக்கோங்க."

கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். ஒரு வாடகைக் காரைப் பிடித்து அந்த மனிதரை அனுப்பி வைக்கலாமே என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. எங்கள் புத்தி முழுக்க வண்டியில் இருந்தது.

வியாழக்கிழமை மதியம், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்தார். "நான் காலையில குளிர்ச்சியில ஓட்டியிருக்கேன். அவரு போறது மூணு மணி வெயில்ல. ரயில்வே கேட்ல வேற எஞ்சினை அணைக்காம நிப்பாரு!" தண்ணீர் கேனோடும் கந்தல் துணியோடும் என்னையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். கேட் மூடியிருந்தது. எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தோம். பத்தாவது நிமிடம் கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

இறங்கி ஓடிப்போய் பானட்டைத் திறந்து பார்த்தார். தீப்பொறி இல்லை. நனைத்த துணியைக் காயில் மேல் சுற்றினார். காயில் குளிர்ந்ததும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. "மாட்டிக்கிச்சு!" என்று சிரித்தார். நான் கைகூடத் தட்டினேன். அப்போது மணி மூன்றரை.

பட்டறைக்கு வந்து புதுக் காயிலைப் போட்டுவிட்டு, அவரே ஃபோன் செய்தார்.

"பிடிச்சுட்டேன் தம்பி! இனிமே உங்க வண்டி எங்கேயும் நிக்காது!"

தையல்காரரின் தம்பி அவரிடமிருந்து ஃபோனை வாங்கிச் சொன்னான். "அண்ணி மூணரைக்குத் தவறிட்டாங்க. அண்ணனால பக்கத்துல இருக்க முடியல."

பத்து நாள் கழித்துத்தான் தையல்காரர் காரை எடுக்க வந்தார். நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போனால் தேவலை என்று நான் காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. என் வீட்டுக்காரர்தான் தரையைப் பார்த்துக்கொண்டு, "முதல் நாளே மாத்தியிருக்கணும் தம்பி" என்றார்.

"தினமும் ஃபோன்ல அவ கேப்பாண்ணே, எப்ப வர்றீங்கன்னு. நல்ல மெக்கானிக்குகிட்ட விட்டிருக்கேன், இன்னைக்கு நாளைக்குள்ள வந்துடும்னு சொல்லுவேன். வியாழக்கிழமை காலையிலயும் அதையேதான் சொன்னேன்." சாவிக்குக் கையை நீட்டினார். "சரி, அவரை அவசரப்படுத்தாதீங்க, பொறுமையா பாக்கட்டும்னு அவ சொன்னா."

சாவியை வாங்கிக்கொண்டு அவர் கிளம்பினார். கார் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் உள்ளே போய் அலமாரிப் பக்கம் திரும்பி நின்று அழுதார். நான் போய்த் தேற்றவில்லை, ஃபோன் பக்கத்திலேயே நின்றுவிட்டேன்.