ஆறு மணித் தண்ணீர்

வேலையை விட்டுத் துரத்திவிட்டார்கள் என்று சொல்வதை முதலில் நிறுத்துங்கள். என் மருமகளை யாரும் துரத்தவில்லை. எதிர்வீட்டுக்காரி எந்த ஜன்னலில் நின்று பார்த்தாளாம்? நடந்ததைச் சொல்கிறேன், நடுவில் பேசாமல் கேளுங்கள்.

அவள் காகித ஆலையில் தண்ணீரைச் சோதிப்பவள். அங்கே ஒரே தண்ணீர்தான் குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருமாம். அதில் கிருமி பெருகினால் குழாய்க்குள் சளிபோல வழவழவென்று கட்டிக்கொள்ளும். அது பிய்ந்து வந்து விழுந்தால் காகிதம் கிழியும். அதனால் ஜெல்லி தடவிய சின்னத் தகட்டைத் தண்ணீரில் தோய்த்து, வெதுவெதுப்பான பெட்டியில் இரண்டு நாள் வைப்பாள். கிருமி இருந்தால் சிவப்புப் புள்ளி முளைக்கும்.

அவளுக்கு முன்னால் இருந்தவர் பத்து மணிக்குத்தான் தண்ணீர் எடுப்பாராம். ஒன்பது மணிக்குக் கிருமி மருந்து ஊற்றிவிடுவார்கள். மாத்திரை போட்ட கையோடு காய்ச்சல் பார்த்தால் என்ன தெரியும்? தகடு எப்போதும் பளிச்சென்று இருந்தது. இவள் மருந்துக்கு முன்னால், ஆறு மணிக்கு எடுத்தாள். தகடு முழுக்க அம்மை போட்டதுபோல் புள்ளி.

மேனேஜர் பத்து மணித் தகட்டையே ஏட்டில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். மாட்டேன் என்றாள்.

"அப்படின்னா வீட்டுல உக்காருங்க" என்றார். வந்து உட்கார்ந்தாள்.

"ஒரு கையெழுத்துதானேடி, போட்டுத் தொலையேன்" என்றேன்.

"கைநாட்டு வெக்கறதுக்கே நாலு தடவை படிச்சுக் காட்டச் சொல்றவங்க நீங்க. நான் மட்டும் கண்ண மூடிட்டுப் போடணுமா அத்தை?"

எழுந்துபோய் அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். அதை நான் அடிக்கடி செய்வதில்லை.

பதினொரு நாள் வீட்டில் இருந்தாள். பகலில் குறட்டை விட்டுத் தூங்கினாள். என் மகன் உப்பில்லாமல் சமைத்து வைத்ததைக் கேலி செய்துகொண்டே இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

பன்னிரண்டாம் நாள் ஆலையின் ஃபிட்டர் வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, நேத்து மட்டும் ஒன்பது தடவை காகிதம் கிழிஞ்சுது. குழாயைக் கழட்டிச் சளியைக் கை கையா வழிச்சுப் போட்டேன். சோப்புப் போட்டும் நாத்தம் போகலை. மேனேஜர் உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னாரு."

"தண்ணி எத்தனை மணிக்கு எடுக்கறதாம்?"

"ஆறு மணிக்கு. அவரே பலகையில எழுதிட்டாரு. வண்டி நிக்குதுக்கா."

"நிக்கட்டும்."

கையிலிருந்த காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனாள்.